வீடு புகுந்த ஆமை

ஆமை புகுந்த வீடு விளங்காது என்பது நம் முன்னோர் வாய்மொழி. அதனாற்போலும், நாயும் பூனையும் கிளியும் மைனாவும் செல்லமாக வளர்ந்த நம் வீடுகளில் ஆமைக்கு இடம் கிடைத்தல் அரிதாயிற்று. ஐக்கிய அமெரிக்காவிலோ நிலைமை வேறு. அங்கே ஆமையை விலை கொடுத்து வாங்கிச் சிறுவருக்குப் பரிசளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவ்வாறு வீடு வந்து சேரும் ஆமைகளுள் ஒன்று பெட்டி ஆமை. அதன் வாழ்க்கையைச் சற்று ஆராய்வோர் நம் பழமொழியைத் திருப்பிச் சொல்ல நேரிடும். ஆமை புகுந்த வீடு கெடுகிறதோ இல்லையோ, வீடு புகுந்த ஆமை கெடுவது பெரும்பாலும் உண்மை. அது கெடாதிருக்க வளர்ப்போர் அறிய வேண்டியவை யாவை என்பதை இங்கு நோக்குவோம்.

பெட்டியும் பூட்டும்

பெட்டி ஆமையின் தாயகம் வட அமெரிக்கா. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழும் இனமே பலரும் அறிந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758-ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். வட கரோலினா மாநிலம் 1979-ஆம் ஆண்டில் இதனைத் தன் மாநில ஊர்வனவாக ஏற்றுக்கொண்டது.

வளர்ந்த ஆமையின் ஓடு பெரும்பாலும் 4 முதல் 6 அங்குல நீளமுடையது, குவிமாடம்போல் உயர்ந்தது, கபில நிறத்தின்மேல் மஞ்சட் கோலங்கள் கொண்டது. அதன் வயிற்றோட்டின் குறுக்கே கதவின் கீல்போன்ற ஒரு மூட்டு உண்டு. அச்சம் நேர்ந்தவிடத்துத் தலை, கால், வால் அனைத்தையும் உள்ளிழுத்துக்கொண்டு, வயிற்றோட்டின் இரு பகுதிகளையும் மேலோட்டோடு பொருத்திப் பெட்டியைப் பூட்டினாற்போல் இது தன்னைப் பூட்டிக்கொள்ளும். பெயர்க் காரணம் இதுவே. புலனடக்கத்துக்கு ஆமையை உவமை கூறிய நம் புலவர் இவ்வாமையைக் கண்டிருப்பின், தம் உவமையின் பொருத்தத்தை எண்ணி மகிழ்ந்திருப்பர்.

இவ்வோடு உயிரற்ற கவசமன்று. முதுகெலும்பும் விலாவெலும்புகளும் அதனோடு ஒன்றியுள்ளன. தொடுகையையும் நோவையும் ஆமை ஓட்டினாலும் உணரும். ஆதலின் ஓட்டுக்கு வண்ணம் பூசுவதும், கயிறு கட்டுவதற்காகத் துளையிடுவதும் கொடுமையாகும்.

30 முதல் 50 ஆண்டுகள் வாழ்தல் இதற்கு இயல்பு. நூறாண்டைக் கடந்தவையும் உண்டு. பத்து வயதுச் சிறுவனுக்கு வாங்கிக்கொடுத்த ஆமை அவனுடைய பேரப்பிள்ளைகளையும் காணக்கூடும். வாங்கும் முன்னரே பெற்றோர் சிந்திக்கவேண்டியது இது.

பிறந்த இடம் மறவாதது

மேரிலாந்து மாநிலத்துப் பற்றுக்சன்ற் வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய லூசில் சுற்றிக்கல் என்னும் அம்மையார், காட்டில் வாழும் பெட்டி ஆமைகளுக்கு அடையாளமிட்டு அவற்றைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். 1950-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சியின்படி, ஓர் ஆமை நடமாடும் வட்டாரத்தின் குறுக்களவு நூறு மீற்றரை அடுத்ததே. அச்சிறு வட்டாரத்துக்குள் நீர் எங்கே, காளான் எங்கே, குளிர்காலத்திற் புதைந்து உறங்கும் இடம் எங்கே என்பதெல்லாம் அது அறியும். வேறிடத்திற் கொண்டுபோய் விட்டால் பழைய இடத்தைத் தேடி அலைந்து, வீதிகளில் வாகனங்களுக்கு இரையாவதும் உண்டு.

இவ்வுயிர் முட்டையிடும் பருவம் எய்தவே பல ஆண்டுகள் செல்லும். இடும் முட்டைகளும் சிலவே; அவற்றுள் வளர்ந்து பெரிதாகுவன மிகச் சிலவே. ஒரு பெண்ணாமையைக் காட்டிலிருந்து எடுத்துவிட்டால், பல பத்தாண்டுகளில் அது ஈன்றிருக்கக்கூடிய வழித்தோன்றல்களையும் எடுத்தவராகின்றோம். செல்லப்பிராணி வணிகத்துக்காக இவை பெருமளவிற் பிடிக்கப்பட்டமையால், 1995-ஆம் ஆண்டு முதல் இவற்றின் நாடுகடந்த வணிகம் பன்னாட்டு உடன்படிக்கையொன்றினாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பல மாநிலங்கள் காட்டிலிருந்து இவற்றைப் பிடிப்பதைத் தடைசெய்துள்ளன.

எனவே, வளர்க்க விரும்புவோர் மனிதர் பராமரிப்பிலே பொரித்த ஆமையையோ, கைவிடப்பட்டுக் காப்பகம் சேர்ந்த ஆமையையோ பெறுதல் வேண்டும். வீதியைக் கடக்கும் ஆமையைக் கண்டால், அது செல்லும் திசையிலேயே மறுபுறம் கொண்டுபோய் விடுதலே உதவி; வீட்டுக்கு எடுத்து வருதல் உதவியன்று.

முதல் நாட்கள்

புதிதாக வந்த ஆமை முதலில் உண்ணாது. பெட்டியை மூடிக்கொண்டு ஒரு மூலையிற் கிடக்கும். பிள்ளைகள் அதனை எடுத்து எடுத்துப் பார்ப்பர்; அயலவரும் வந்து பார்ப்பர். அச்சம் நீங்குவதற்குள் மேலும் மேலும் அச்சமூட்டப்படுவதால் அது மெலியத் தொடங்கும். முதல் இரண்டு வாரங்களில் அதற்கு வேண்டியவை மறைவிடமும் அமைதியும் நீருமேயாம். உணவை வைத்துவிட்டு அகன்றுவிடுதல் நன்று.

நாடோறும் வெதுவெதுப்பான நீர் நிறைந்த ஆழமற்ற தாம்பாளத்தில் கால்மணி நேரம் அதனை வைத்தல் வேண்டும். நீர் அதன் தாடைக்குக் கீழே நிற்க வேண்டும். நீர்ப்பற்றுக் குறைந்த ஆமைக்கு இதுவே முதல் மருந்து. காலையிற் சிறிது நீரைத் தூறல்போல் தெளித்தால், மழை பெய்ததென்று எண்ணி இரை தேடப் புறப்படுவதும் உண்டு. நெளியும் மண்புழு, சிவந்த தக்காளித் துண்டு, ஸ்ட்ரோபெறிப் பழம் ஆகியவை உண்ணாத ஆமையின் பசியைத் தூண்டும். வேறு ஆமைகள் வீட்டில் இருப்பின், சில மாதங்களுக்குப் புதியதைத் தனியே வைத்தல் வேண்டும். ஊர்வனவற்றை அறிந்த மிருக வைத்தியரிடம் காட்டி, குடற்புழு உண்டா எனச் சோதித்தலும் அவசியம்.

உறைவிடம்

கண்ணாடித் தொட்டி இவ்வாமைக்கு ஏற்றதன்று. கண்ணாடி என்பதை அறியாது முட்டி முட்டிச் சலிக்கும். வெயிலில் வைத்த தொட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகி ஆமையைக் கொன்றுவிடும். காலநிலை இடங்கொடுக்கும் ஊர்களில், வீட்டுத் தோட்டத்தில் ஒளிபுகாப் பலகைகளால் வேலியிட்ட நிலமே சிறந்தது. இது ஏறவும் தோண்டவும் வல்லதாதலின், வேலியின் அடி மண்ணுள் ஆழப் புதைந்திருத்தல் வேண்டும்.

வீட்டினுள் வளர்ப்பதாயின், பசளை கலவாத மண்ணும் சருகும் ஈரமாகப் பரப்பப்படல் வேண்டும். ஒரு புறம் 29 பாகை செல்சியசு அளவில் வெப்பமாகவும், மறுபுறம் 23 பாகை அளவிற் குளிர்ச்சியாகவும் இருப்பின், தனக்கு வேண்டிய இடத்தை ஆமையே தேர்ந்துகொள்ளும். பெட்டி ஆமை நிலத்தில் வாழ்ந்தாலும் குளத்தாமைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. உலர்ந்த இடத்தில் அதன் கண்ணும் தோலும் கெடும். மேலும், கல்சியத்தை உடல் ஏற்பதற்கு விற்றமின் டீ வேண்டும். அது உடலில் உண்டாக ஊதாக்கடந்த கதிர் வேண்டும். சாளரக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடுமாதலால், வீட்டினுள் அதற்கென அமைந்த மின்குமிழ் இன்றியமையாதது.

உணவு

காட்டில் பெட்டி ஆமை மண்புழு, நத்தை, வண்டு, காளான், உதிர்ந்த பழம், இளந்தளிர் யாவும் உண்ணும். மனிதருக்கு நஞ்சான சில காளான்களையும் தீங்கின்றித் தின்னும். ஆயினும் வீட்டில் வளர்ப்போர் கடையில் விற்கும் காளானையே கொடுத்தல் தகும்.

வளர்ந்த ஆமைக்கு ஏறக்குறையப் பாதி ஊனுணவும் பாதி தாவர உணவும் பொருந்தும். குஞ்சுகளுக்கு ஊனுணவு மிகுதியாக வேண்டும். ஊனுணவில் மண்புழு, நத்தை, சில்லுப்பூச்சி ஆகியன சிறந்தவை. வெறும் இறைச்சித் துண்டில் கல்சியம் மிகக் குறைவு. தாவர உணவில் பூசணி, அவித்த வற்றாளங்கிழங்கு, கரட், கரும்பச்சை இலைகள் ஆகியவை விற்றமின் ஏ தருவன. வெளிர்ந்த சலாது இலையை மட்டும் நாடோறும் கொடுத்தல் பலரும் செய்யும் தவறு. அதில் நீரன்றி அதிகம் ஒன்றுமில்லை. பாணும் பாலும் கூடா. பட்டர்புரூட் எனப்படும் ஆனைக்கொய்யாவையும் தவிர்த்தல் வேண்டும். கணவாய் ஓட்டுத் துண்டொன்றைப் போட்டுவைத்தால், வேண்டும்போது கடித்துக் கல்சியம் பெறும். வளர்ந்தவற்றுக்கு ஒன்றுவிட்டு ஒருநாளும் குஞ்சுகளுக்கு நாடோறும் காலையில் உணவிட்டு, எஞ்சியதை அன்றே அகற்றுதல் நன்று.

நோயும் தூய்மையும்

நாய் நோயுற்றால் முனகும், பூனை கத்தும். ஆமையோ வாய் திறவாது. தகாத உணவை உண்டும், ஒளியின்றியும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் உயிர் தரித்திருந்து மெல்ல மெல்ல மடியும். வளர்ப்போர் அதனை முதுமை என்றோ சோம்பல் என்றோ எண்ணியிருப்பர். வீங்கிய கண், காதருகே கட்டி, மூக்கில் நுரை, மென்மையான ஓடு ஆகியன கண்டால் தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும். இதற்கு மாணவர் கைக்கொள்ளத்தக்க எளிய வழியொன்றுண்டு: வாரந்தோறும் ஆமையை நிறுத்து, நிறையை நாட்குறிப்பில் எழுதி வருதல். வாய் பேசாத உயிரின் நலத்தை அவ்வெண்கள் பேசும்.

ஆமையின் உடலில் சல்மனெல்லா என்னும் பற்றீரியா இருக்கக்கூடும். ஆமைக்கு ஊறில்லையாயினும் குழந்தைகளுக்கு அது கடும் நோய் தரும். இதனாலேயே, 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளைச் செல்லப்பிராணிகளாக விற்பதை ஐக்கிய அமெரிக்க அரசு 1975-ஆம் ஆண்டில் தடைசெய்தது. தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். சமையலறைத் தொட்டியில் ஆமையைக் குளிப்பாட்டல் ஆகாது. சலித்துப்போனால் காட்டில் விட்டுவிடலாம் என்பதும் பிழை. அது வழி தெரியாது அலையும். வீட்டிற் பெற்ற நோயைக் காட்டாமைகளுக்கும் பரப்பும்.

இச்செய்தி நமக்கும் அயலானதன்று. நம் நாட்டின் வறண்ட பிரதேசங்களில் வாழும் நட்சத்திர ஆமையும் ஓட்டின் அழகினாலேயே களவாகப் பிடிக்கப்பட்டுக் கடத்தப்படுகின்றது. நம் நாட்டுச் சட்டம் அதனைப் பாதுகாக்கின்றது. அதன் பன்னாட்டு வணிகமும் 2019-ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. வேலியோரத்தில் அதனைக் காணும் பிள்ளைகள் சிறிது தூரத்தில் நின்று, அது தலை நீட்டும்வரை பொறுத்திருந்து பார்ப்பாராக. அது மேய்ந்து முடித்துத் தன் வழியே போகும். நாளை அவ்விடத்திலேயே மீண்டும் காணலாம்.