ஆட்டத் தானியங்கிகளின் செயல் முன்னுரிமை

ஆட்டத் தானியங்கிகளின் செயல் முன்னுரிமை என்பது, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் வழங்கியில் சதுரங்கம், கோ முதலிய ஆட்டங்களை ஆடும் நிரல்களுக்கு மையச் செயலகத்தின் நேரத்தில் எவ்வளவு பங்கு தருவது என்பதை வரையறுக்கும் முறையாகும். இத்தானியங்கிகள் அடுத்த நகர்வைக் கணிக்கும்போது, கிடைக்கும் செயலக நேரம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளும். கட்டுப்பாடின்றி இயக்கினால் பிற பயனர்களின் பணிகள் தாமதமாகும்.

நைஸ் மதிப்பு

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் முன்னுரிமையை மாற்ற நைஸ், ரீநைஸ் ஆகிய கட்டளைகள் உள்ளன. முதலாவது, நிரலைத் தொடங்கும்போதும் இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும் பயன்படுகின்றன. லினக்ஸில் நைஸ் மதிப்பு -20 முதல் 19 வரை அமையும். இயல்பு மதிப்பு 0. எண் கூடக்கூட நிரல் பிறவற்றுக்கு விட்டுக்கொடுக்கும். சாதாரணப் பயனர் இம்மதிப்பைக் கூட்டலாம். குறைப்பதற்குப் பொதுவாக நிர்வாகியின் அனுமதி தேவை.

ஒவ்வொரு மதிப்புக்கும் லினக்ஸ் கருனி ஓர் எடையைக் கொண்டுள்ளது. 0-க்கு 1024, 10-க்கு 110, 19-க்கு 15 என்பன அவ்வெடைகள். ஒரே கோரில் 0 மதிப்புடைய நிரலும் 10 மதிப்புடைய தானியங்கியும் போட்டியிட்டால், முன்னதற்கு ஏறத்தாழ 90 விழுக்காடும் பின்னதற்கு 10 விழுக்காடும் கிடைக்கும். தானியங்கியின் மதிப்பு 19 எனில் அதன் பங்கு 1.4 விழுக்காடாகக் குறையும். போட்டி இல்லாதபோது 19 மதிப்புடைய தானியங்கியும் கோர் முழுவதையும் பெறும். எனவே நைஸ் என்பது உச்சவரம்பு அன்று.

ஆட்டத்தின் மீதான விளைவு

சதுரங்கத் தானியங்கிகள் பொதுவாகச் சுவர்க்கடிகார நேரத்தைக் கொண்டே சிந்திக்கின்றன. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு செயலக நேரமே கிடைத்தாலும், ஆட்டக் கடிகாரத்தில் ஒரு நொடி முழுதும் கழிந்துவிடும். ஆராயும் நிலைகள் குறைவதால் ஆட்டம் வலுவிழக்கும். உரிய கணத்தில் செயலகம் கிடைக்காவிட்டால் நேரம் கடந்து தோற்கவும் கூடும். ஆகவே இரு தானியங்கிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே நைஸ் மதிப்பைத் தருதல் வேண்டும். இல்லையேல் முடிவு காட்டுவது நிரலின் திறனையன்று, வழங்கியின் நெரிசலையே. நேரத்திற்குப் பதிலாக ஆராயும் நிலைகளின் எண்ணிக்கையை வரையறுப்பது மற்றொரு வழியாகும்.

குழுவாரிப் பங்கீடு

நைஸ் மதிப்பு தனித்தனி நிரல்களுக்கு உரியது. ஒரு பயனர் 9 தானியங்கிகளையும் மற்றவர் ஒன்றையும் ஒரே மதிப்பில் ஒரே கோரில் இயக்கினால், முதலாமவருக்கு 90 விழுக்காடு சேர்ந்துவிடும். இச்சிக்கலுக்கான தீர்வில் இந்தியப் பங்களிப்பு உண்டு. 2007-இல் லினக்ஸ் 2.6.23 பதிப்பில் இங்கோ மோல்னாரின் சிஎஃப்எஸ் பங்கீட்டு முறை சேர்க்கப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த ஸ்ரீவத்ச வட்டகிரி அதற்குக் குழுவாரிப் பங்கீட்டை எழுதினார். இம்முறையில் பயனருக்கு ஒரு குழு என அமைத்தால் இருவருக்கும் தலா 50 விழுக்காடு கிடைக்கும். 2023-இல் 6.6 பதிப்பில் சிஎஃப்எஸ்ஸின் இடத்தை ஈஈவிடிஎஃப் முறை பெற்றது. எடைகளும் குழுக்களும் தொடர்கின்றன.

2011-இல் 2.6.38 பதிப்பில் வந்த தன்னியக்கக் குழுவாக்கம் ஒவ்வொரு முனைய அமர்வையும் தனிக் குழுவாகக் கருதுகிறது. இது செயற்படும் வழங்கியில், ஓர் அமர்விலுள்ள தானியங்கிக்கு 19 தந்தாலும் வேறு அமர்வில் உள்ளவர்களுக்குப் பயன் இராது. விட்டுக்கொடுத்ததாக எண்ணும் பயனர் உண்மையில் விட்டுக்கொடுத்திருக்கமாட்டார்.

வரம்புகள்

நைஸ் மதிப்பு நினைவகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தாது. சதுரங்கத் தானியங்கிகள் ஆராய்ந்த நிலைகளைச் சேமிக்கப் பெரிய அட்டவணையை நினைவகத்தில் வைப்பதால், அதன் அளவைத் தனியே குறைத்து அமைக்கவேண்டும்.