ஒடியற் சேமிப்பு

யாழ்ப்பாணத்திலே வீட்டில் நெல் தீர்ந்த மாதங்களில் உலையேற்ற உதவியது ஒடியலாகும். 1990களிற் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளிலும் அது கைகொடுத்ததை மூத்தோர் அறிவர். அதனை ஆக்கப் பணம் வேண்டுவதில்லை. பருவம் அறிதல் வேண்டும்.

ஆவணி, புரட்டாதியிற் பொறுக்கிய பனங்கொட்டைகளை மணற்பாங்கான மேட்டுப் பாத்தியில் அடுக்கி மூடுவர். மேடு எதற்கென்று கேட்பீர்கள். பனையின் முளை முதலிற் கீழ்நோக்கியே இறங்கும். மண் இறுகியிருந்தாற் கிழங்கு கோணிப்போகும்.

தை, மாசியிற் பாத்தியைக் கிண்டிவிட வேண்டும். ஒருமுறை யான் பங்குனி கழியும்வரை பொறுத்தேன். குருத்து வெளிப்பட்டுக் கிழங்கெல்லாம் தும்பாயிற்று. அவ்வாண்டு எங்கள் கூழ்ப்பானைக்கு மாவைக் கடையிலே வாங்கினோம்!

கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, வெயிலிற் காயவிடுக. இரவிற் பனிபடாமல் உள்ளே எடுத்துவைத்தல் அவசியம். ஈரந்தங்கினாற் பூஞ்சணம் பிடிக்கும். ஒடிக்கும்போது சத்தத்தோடு முறிவதே நன்கு காய்ந்ததற்கு அடையாளம். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். அதனை அப்படியே கடித்துத் தின்னலாம். அவியாது காய்ந்த ஒடியலின் மாவையோ நீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை வடித்த பின்னரே கூழுக்கும் பிட்டுக்கும் எடுத்தல் வேண்டும். இதிற் சோம்பலாகாது. எஞ்சிய ஊமல்களை உலர்த்தி வைத்தால் மாரியில் அடுப்பெரிக்க உதவும்.