பிழைக்கப் போகும் ஊருக்கு ரேஷனும் கூட வரும்

மாசி பிறந்து மக்காச்சோளம் ஒடித்து முடிந்துவிட்டால் எட்டயபுரம் வட்டாரக் கரிசலில் வேலை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. உளுந்தும் பாசியும் தையோடு வீடு சேர்ந்திருக்கும். மானாவாரி நிலம் அடுத்த புரட்டாசி மழை வரை வெடித்துக் கிடக்கும். தீப்பெட்டி ஆபீசுக்கும் கரி மூட்டத்துக்கும் போகிறவர்கள் போக, மற்றவர்கள் பையும் பாத்திரமுமாகக் கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் நிற்பார்கள். திருப்பூர், கோவை, சென்னை, சிலருக்குப் பெங்களூரு. நிலமில்லாத, அல்லது ஒன்றிரண்டு குறுக்கமே உள்ள பட்டியல் சாதிக் குடும்பங்கள்தான் இதில் முதலில் கிளம்புகிறவை.

கிளம்புகிறவர்களிடம் ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஊரில் அத்தையிடம் இருக்கிறது என்பார்கள். பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறது என்பார்கள். அவசரத்துக்கு வாங்கிய கடனுக்கு ஈடாக ஒருவரிடம் கொடுத்திருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்களும் உண்டு. போன ஊரில் அரிசி கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 20 கிலோவுக்கு மாதம் 1,000 ரூபாய். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் விலையில்லாமல் கிடைக்கிற அரிசியை விட்டுவிட்டு, வாடகைக்கும் வண்டிச் சத்தத்துக்கும் போக மிஞ்சும் கூலியில் இதையும் கழித்துக்கொள்கிறோம். ஒரு மாதம் எடுக்காமல் விட்ட அரிசி அடுத்த மாதத்தோடு சேராது. போனது போனதுதான்.

போக வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இருக்கிறது. அன்று தொட்டு எட்டயபுரம் கார்டுக்குத் திருப்பூரிலும் பொருள் வாங்கலாம். பெயர் நீக்க வேண்டாம், முகவரி மாற்ற வேண்டாம், யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். கார்டில் பெயருள்ள ஒருவர் கடைக்குப் போய் விரல் வைத்தால் போதும். கார்டே கையில் இல்லாவிட்டாலும் கார்டு எண்ணோ ஆதார் எண்ணோ சொன்னால் மிஷினில் குடும்பம் தெரியும். ஈடாகக் கொடுத்த கார்டைப் பற்றிக் குரலைத் தாழ்த்தியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அட்டை யாரிடம் சிக்கியிருந்தாலும் உரிமை நம் விரலில் இருக்கிறது.

இது ஏதோ ஒரு அதிகாரியின் கருணையால் வந்ததல்ல. கொரோனா ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பியதை நாடே பார்த்தது. அந்த வழக்கைத் தானாகவே எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2021 ஜூன் 29 அன்று அளித்த தீர்ப்பில், எல்லா மாநிலங்களும் ஜூலை 31-க்குள் இந்தத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், ஊர் எது என்பதற்கு அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அதைத் தாண்டி ஒரு அறை கிடைத்தாலும், வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர்கள் எளிதில் இசைய மாட்டார்கள். ஒப்பந்தம் இல்லாமல் முகவரி மாற்றம் இழுபடும். விரல் வைத்து வாங்கும் இந்த முறைக்கு வீட்டுக்காரரின் தயவு தேவையில்லை. ஊருக்குள்ளேயும் இதன் பலன் உண்டு. 2003-ல் தமிழ்நாடு உட்பட 5 மாநிலங்களின் 531 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு, ரேஷன் கடையும் மதிய உணவுக் கூடமும் எந்தத் தெருவில் இருக்கின்றன, அங்கே தலித்துகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரித்தது. கடை இருக்கும் தெருவே ஒரு தடையாக இருக்க முடியும் என்பது அதில் பதிவானது. இன்று ஒரு கடையில் மரியாதைக் குறைவாக நடத்தினால் பக்கத்து ஊர்க் கடைக்குப் போகலாம். நடந்து போகிற தூரத்தில் அது இருக்குமா என்பது வேறு கதை.

நடைமுறையில் சிக்கல் விற்பனையாளரிடம் தொடங்குகிறது. வெளியூர் கார்டுக்கு ஸ்டாக் இல்லை, உங்கள் ஊர்க் கடையிலேயே வாங்குங்கள் என்பார். அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. கடைக்கு வரும் மூட்டைகள் அந்தக் கடையில் பதிவான கார்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தே ஒதுக்கப்படுகின்றன. ஆனால் ஸ்டாக் இல்லை என்பது ஒன்று, தர முடியாது என்பது வேறொன்று. எந்த நாளில் வரட்டும் என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 1967 என்ற எண்ணுக்கு அங்கேயே நின்று போன் போடலாம். வேறு மாநிலத்தில் என்றால் 14445.

வேறு மாநிலம் என்று வரும்போது கார்டின் வகையைப் பார்க்க வேண்டும். பிஎச்எச் என்றோ ஏஏஒய் என்றோ இருந்தால்தான் பெங்களூரிலும் கேரளத்திலும் செல்லும். அங்கே கிடைப்பதும் மத்திய அரசு ஒதுக்கும் தானியம் மட்டும். நம் கடைச் சர்க்கரையும் துவரம் பருப்பும் பாமாயிலும் தமிழ்நாட்டோடு சரி. என்பிஎச்எச் கார்டு மாநிலத்தைத் தாண்டாது. கூலி வேலை செய்தே என்பிஎச்எச் கார்டு வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. வகையை மாற்றித் தரச் சொல்லி வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அலட்சியமாக இருந்தால் கார்டே முடங்கும் ஆபத்தும் வந்திருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு ஒரு திருத்த ஆணை பிறப்பித்தது. தொடர்ந்து 6 மாதம் பொருள் எடுக்காத பிஎச்எச், ஏஏஒய் கார்டுகளைச் செயலிழக்க வைத்து, அடுத்த 3 மாதத்துக்குள் வீட்டுக்கு நேரில் வந்து விசாரித்து முடிவு செய்யலாம் என்கிறது அது. மாசியில் கிளம்பி ஆவணியில் திரும்பும் குடும்பத்துக்கு இந்த 6 மாதம் கச்சிதமாகப் பொருந்துகிறது. விசாரிக்க வருகிறவருக்குப் பூட்டிய வீடுதான் தெரியும். போன ஊரில் மாதாமாதம் பொருள் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே எழாது.

பாட்டியும் தாத்தாவும் ஊரில், மகனும் மருமகளும் திருப்பூரில் என்று பிரிந்திருக்கும் குடும்பங்கள் ஒரே கார்டை இரண்டு இடத்திலும் பயன்படுத்தலாம். இங்கே கொஞ்சம் வாங்கிக்கொண்டு மீதியை அங்கே வாங்க விதி இடம் தருகிறது. யார் எவ்வளவு என்று மாதத் தொடக்கத்திலேயே போனில் பேசிவைத்தால் சண்டை வராது. பொங்கல் பரிசு மட்டும் கார்டு பதிவான கடையில்தான். தையில் எப்படியும் அறுவடைக்கு ஊரில் இருப்போம், அதனால் அதில் கவலையில்லை.

கைரேகைதான் பெரிய தலைவலி. தீப்பெட்டி மருந்திலும் கரியிலும் பருத்திக் காட்டிலும் தேய்ந்த விரல்கள் மிஷினில் விழுவதில்லை. ஒரு விரல் விழவில்லை என்றால் பத்தையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண் கருவிழிப் பதிவுக் கருவி அந்தக் கடையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கார்டில் உள்ள ஒவ்வொருவரும் கைரேகை கொடுத்துத் தங்களை உறுதிப்படுத்தும் பதிவையும் இருக்கிற ஊரின் ரேஷன் கடையிலேயே முடிக்கலாம். அதற்காக ஊருக்குப் பஸ் ஏற வேண்டாம். சிம் மாற்றியவர்கள் புது எண்ணைக் கார்டில் சேர்த்துவிட வேண்டும். எடுக்காத பொருளுக்கு யாராவது பில் போட்டால் அந்தக் குறுஞ்செய்தி நமக்கு வர வேண்டுமே.

முகவரியை மாற்றலாமா என்று மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். சில மாதம் போய் வருகிற குடும்பம் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. இலவச வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்று என்று எதற்கு மனு போட்டாலும் ஊர் முகவரிக் கார்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஐந்தாறு வருடமாக அங்கேயே குடியிருந்து, பிள்ளைகளும் அங்கேயே படிப்பவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது. கல்யாணமான தம்பதிகள் பெற்றோர் கார்டில் பெயர் நீக்கிவிட்டுப் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கார்டே தேவையில்லை. போன ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்த நாள் முதல் மதிய உணவு உண்டு, தொடக்கப் பள்ளி என்றால் காலை உணவும் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சொல்லி எட்டாம் வகுப்பு வரை யாரையும் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு.

ரேஷன் குறைதீர் முகாம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கிறது. பெயர் சேர்க்க, நீக்க, போன் எண் மாற்ற அங்கேயே மனு கொடுக்கலாம். பங்குனிப் பொங்கலுக்கும் சித்திரைக் கொடைக்கும் ஊர் வருகிறவர்கள், அந்தச் சனிக்கிழமையும் சேர்ந்து வருகிற மாதிரி லீவு கேட்டுப் பாருங்கள்.