வாழ்வது எதற்காக?

வாழ்வது எதற்காக என்னும் வினாவை மாணவர்கள் சொற்போர் மேடைகளிலே எழுப்புவதுண்டு. அன்புக்குரியவரைப் பறிகொடுத்தவர்கள் நள்ளிரவிலே தனித்திருந்து தம் நெஞ்சுக்குள் எழுப்புவதுமுண்டு. முன்னவர்க்கு அது தர்க்கம். பின்னவர்க்கோ உயிர்ப் பிரச்சினை. இவ்வினாவுக்கு நூல்களிலே விடை தேடுமுன், நம் நாட்டின் கீழ்க்கரையிலுள்ள ஓர் ஊர் அதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைச் சற்று நோக்குவோம்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, மேற்கில் வாவியும் கிழக்கில் வங்கக் கடலும் சூழ்ந்த ஒடுங்கிய மணற்பரப்பிலே அமைந்தது காத்தான்குடி. வாணிபத்திலே பெயர்பெற்ற முஸ்லிம் மக்களின் ஊர் அது. வேலியோடு வேலியும் கூரையோடு கூரையும் உரசி நிற்கும் நெருக்கமான ஊர்.

1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இரவுத் தொழுகையில் நின்றவர்கள் மீது ஆயுதந் தாங்கியோர் சுட்டனர். விடுதலைப் புலிகளே அதனைச் செய்தனர் என்பது வரலாற்றுப் பதிவு. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். அடுத்த மாதம் 9ஆம் திகதி, வாவியின் வடபால் உள்ள சத்துருக்கொண்டானிலே நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். ஒரே வாவியின் கரைகளிலே இரு சமூகத்துத் தாய்மாரும் ஒரே விதமாக அழுத காலம் அது.

அத்தகைய இரவுக்குப் பின்னும் ஓர் ஊர் எழுந்து நின்றதே, எப்படி?

துயரம் வந்த வேளையிலே தத்துவ விசாரணைக்கு எவருக்கும் நேரம் இருப்பதில்லை. இறந்தோரைத் தாமதியாது நல்லடக்கம் செய்வது இஸ்லாத்திலே சமூகத்தின் கடமை. குழி வெட்ட வேண்டும், நீராட்ட வேண்டும், கபன் துணி போர்த்த வேண்டும். காயமுற்றோரைக் கவனிக்க ஆள் வேண்டும். பாலுக்கு அழும் குழந்தைக்கு வீட்டின் துக்கம் விளங்குமா? அடுப்பு மூட்டியே ஆகவேண்டும். வாழ்வதா வேண்டாமா என்று நெஞ்சு முடிவு செய்யுமுன்பே, கைகள் வாழத் தொடங்கிவிடுகின்றன.

இன்னொன்றையும் இங்கு கருதவேண்டும். மட்டக்களப்புக் கரையோரத்திலே தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாகப் போற்றிவரும் வழக்கம் ஒன்றுண்டு. வீட்டைப் பெண் மக்களுக்கே சீதனமாகக் கொடுப்பர். மணமகன் மனைவியின் வீட்டிலே வந்து வாழ்வான். 'குடி' எனப்படும் வமிசப் பிரிவும் தாய்வழியாகவே வருவது. ஆகவே கணவனை இழந்த பெண், புகுந்த வீட்டார் தயவிலே நிற்பதில்லை. அவள் தன் சொந்த வீட்டிலே இருக்கிறாள். தாயும் தமக்கையும் கூப்பிடு தூரத்திலே இருக்கின்றனர். நான்கு மாதமும் பத்து நாளும் அவள் இத்தா இருக்கும் காலத்தில், அவளைச் சுற்றி உறவு நிற்கிறது. பொருள் இழப்பையும் உயிர் இழப்பையும் இது ஈடுசெய்யாது. எனினும் தனிமை என்னும் இரண்டாவது சாவிலிருந்து அவளைக் காக்கிறது. மனிதரைச் சமூகத்தோடு பிணைக்கும் கயிறுகள் தளரும்போதே உயிரை மாய்க்கும் எண்ணம் ஓங்குகிறது என்று பிரான்சிய அறிஞர் எமில் துர்க்கைம் 1897ஆம் ஆண்டிலே எழுதியதும் இதனோடு ஒத்துப்போவதே.

வியன்னா நகரத்து மனநோய் வைத்தியர் விக்டர் பிராங்கல் இவ்வினாவைத் தம் உடலாலேயே ஆராய்ந்தவர் எனலாம். யூதராய்ப் பிறந்த குற்றத்துக்காக 1942ஆம் ஆண்டிலே நாஜிகளால் சிறையிடப்பட்டார். தாய், தந்தை, தமையன், மனைவி ஆகிய அனைவரையும் இழந்தார். 1945ஆம் ஆண்டில் விடுதலை பெற்றபின் தம் அனுபவத்தை நூலாக்கினார். வாழ்க்கையிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை விட்டு, வாழ்க்கை நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்று நோக்கவேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. முகாமிலே வாழ்வை வெறுத்த இருவரைப் பற்றி அவர் கூறுகிறார். ஒருவருக்கு அயல்நாட்டிலே பிள்ளை காத்திருந்தது. மற்றவருக்கு முற்றுப்பெறாத நூல்கள் இருந்தன. இவ்விரண்டையும் வேறெவராலும் ஈடுசெய்ய இயலாது என்று உணர்ந்தமையே அவர்களைத் தாங்கியது.

ஆனால், கடமை உணர்வு இருந்தாற் போதும், எவரும் சோரமாட்டார் என்று எண்ணுவது தவறு. கடமை நிறைந்தவரும் ஒரு வேளை இருளிலே அகப்படுவதுண்டு. அது அவர் கோழைத்தனமன்று. இலங்கையின் அனுபவமே இதற்குச் சான்று. 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டிலே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய பயிர்நாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டபின், அவ்விகிதம் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்துவிட்டது. இதன் பொருள் என்ன? சாகவேண்டும் என்ற எண்ணம் பலருக்கு ஓர் அலையாகவே வருகிறது. அந்த அலை கடக்கும்வரை ஆபத்து எட்டாத் தொலைவிலும், மனிதர் எட்டும் தொலைவிலும் இருந்தால், உயிர் தப்பிவிடுகிறது. அவ்வாறு தப்பியவர்களுள் மிகப் பெரும்பாலோர் பின்னர் வாழவே விரும்பினர்.

ஆகவே, மாணவர்களே, உங்கள் நண்பன் ஒருவன் வாழ்வில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அவனோடு வாதாடி வெல்ல முயலாதீர்கள். அருகில் அமருங்கள், அவன் சொல்வதைக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பு, துயருற்றோர் சொல்வதைச் செவிமடுப்பதையே தன் பணியாகக் கொண்டது. 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி எண்ணும் உண்டு. உதவி கேட்பது வெட்கத்துக்குரிய செயலன்று.

காத்தான்குடிக்குத் துன்பம் 1990உடன் முடிந்துவிடவில்லை. 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கி வந்து அதன் கரையோரத்தையும் அழித்தது. இன்றும் மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரிலே குண்டு துளைத்த வடுக்கள் மறைக்கப்படாமல் இருக்கின்றன. அச்சுவரின் முன்னே நாள்தோறும் ஐவேளையும் மக்கள் வரிசையாக நிற்கின்றனர். ஊரின் பிரதான வீதியிலே பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. பேரீச்சை நட்ட ஆண்டிலே பயன் தருவதன்று. கனி காணப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். அவ்வளவு துன்பங்கண்ட ஊரிலே, பல ஆண்டுகளுக்குப் பின் பழம் தரும் மரத்தை நட்டிருக்கிறார்கள்.

வாழ்வது எதற்காக என்று கேட்போருக்கு அவ்வூர் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. வடுவை மறைக்காமல் வைத்துக்கொண்டே, மரத்துக்கு நீர் ஊற்றுகிறது. நமக்கும் அந்த விடை போதுமன்றோ?