மங்கிய சுடர் ஒளிர்ந்தது

சென்ற ஆண்டு விளையாட்டு விழா அழைப்பிதழைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களே தயாரித்தோம். அச்சாகி வந்தபோது, பள்ளிச் சின்னத்திலுள்ள விளக்கின் சுடர் வெறும் கறையாகத் தெரிந்தது. வெட்கித் தலைகுனிந்தோம், காரணத்தை ஆராய்ந்தோம்.

கணிப்பொறிப் படங்கள் இருவகைப்படும். வெக்டர் படம் கோடுகளையும் வளைவுகளையும் கணித அளவுகளாகக் காக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குன்றாது. ராஸ்டர் படமோ பிக்சல் என்னும் சிறு புள்ளிகளாலானது, பெரிதாக்கினால் மங்கிவிடும். 100 புள்ளி அகலமுள்ள படத்தை 2 அங்குலத்திற்கு இழுத்ததே எங்கள் பிழை.

நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். எனவே 2 அங்குலத்திற்கு 600 புள்ளிகள். அருட்சகோதரி ஒருவர் பத்திரப்படுத்தியிருந்த வெக்டர் மூலத்தை வாங்கி, இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் திறந்தோம். அகலம் 600 எனக் குறித்து, பி.என்.ஜி. கோப்பாக எடுத்தோம். ஜே.பி.ஜி. முறையில் கோடுகளின் ஓரத்தில் அழுக்குப் போன்ற புள்ளிகள் படியும், பி.என்.ஜி. முறையில் ஓரம் கெடாது, சின்னத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டமும் விழாது.

இம்மலரில் சுடர் தெளிவாக ஒளிர்கிறது. தோழியரே, சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். வேண்டிய அளவில் மூலத்திலிருந்தே எடுங்கள்!