மீண்டு வந்த வீரர்

தங்கவயலும் பெங்களூரும்

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமம் இங்குத் தங்கச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

அதன்பின் தங்கவயல் மக்களின் வாழ்வு பெங்களூரை நோக்கித் திரும்பியது. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகச் செல்லும் தொடர்வண்டிகளில் வேலைக்குச் செல்வோரும் கல்லூரிக்குச் செல்வோரும் நிறைந்திருப்பர். மருத்துவ அறிக்கைகளைப் பையில் வைத்துக்கொண்டு, பெங்களூரின் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பங்களும் அவர்களிடையே இருப்பதுண்டு. நோயின் பெயரை அண்டை வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்குவோர் இன்றும் உள்ளனர். 'பெரிய நோய்' என்றோ 'கட்டி' என்றோ மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வர். இவ்வாறு மறைக்கப்படும் நோயின் பெயரை நாடறியச் சொன்ன விளையாட்டு வீரர் ஒருவர் உண்டு. அவர் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்.

வெற்றிக்குள் மறைந்திருந்த நோய்

யுவராஜ் சிங் 1981 டிசம்பர் 12 அன்று சண்டிகரில் பிறந்தார். 2007இல் நடைபெற்ற இருபது ஓவர் உலகக் கோப்பையில், இங்கிலாந்து வீரர் ஸ்டூவர்ட் பிராடு வீசிய ஒரே ஓவரின் ஆறு பந்துகளையும் ஆறு ஓட்டங்களாக மாற்றிப் புகழ்பெற்றார்.

2011ஆம் ஆண்டின் உலகக் கோப்பை அவருடைய புகழை மேலும் உயர்த்தியது. மார்ச் 6 அன்று பெங்களூர் சின்னசாமி விளையாட்டரங்கில் அயர்லாந்து அணியை இந்திய அணி எதிர்கொண்டது. அன்று யுவராஜ் 31 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பின்னர் மட்டையெடுத்து ஆட்டமிழக்காமல் 50 ஓட்டங்கள் எடுத்தார். உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் இவ்விரண்டையும் நிகழ்த்திய முதல் வீரர் அவரே. மார்ச் 20 அன்று சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக 113 ஓட்டங்கள் குவித்தார். அவ்வாட்டத்தின் நடுவே அவர் களத்திலேயே வாந்தி எடுத்தார். வெயிலின் கடுமையே அதற்குக் காரணம் என்று பார்த்தவர்கள் கருதினர்.

அத்தொடரில் 362 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் பெற்ற யுவராஜ், தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏப்ரல் 2 அன்று இந்தியா கோப்பையை வென்றது. ஆயினும் இருமலும் மூச்சுத் திணறலும் அவரை விட்டு நீங்கவில்லை. விளையாட்டின் மீதிருந்த பற்றினால் அவர் அவற்றைப் பெரிதாக எண்ணவில்லை; முழுமையான மருத்துவ ஆய்வைத் தள்ளிப்போட்டார். வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடியதை வீரம் என்று உலகம் போற்றியது. ஆனால் அந்தப் பொறுமை நோய்க்குக் காலத்தை ஈட்டிக் கொடுத்தது. அவரது வாழ்க்கையிலிருந்து கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

புற்றுநோய் என்பது யாது?

மனித உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல்கள் தேவைக்கேற்பப் பெருகும், முதிர்ந்தவை மடியும். இவ்வொழுங்கு குலைந்து, செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய். இந்நோய் தொற்றுநோய் அன்று. நோயாளியைத் தொடுவதாலோ அவருடன் ஒரே தட்டில் உண்பதாலோ பரவாது. முற்பிறவிப் பாவத்தின் பயனும் அன்று. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பலவகைப் புற்றுநோய்களைக் குணப்படுத்த இயலும்.

யுவராஜுக்கு இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட பகுதியில், இதயத்திற்கு அருகே, செமினோமா என்னும் அரியவகைக் கட்டி வளர்ந்திருந்தது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்றார்.

இவ்வகைக் கட்டிகளுக்கான சிகிச்சையின் வரலாறு வியப்புக்குரியது. 1960களில் பார்னெட் ரோசன்பெர்க் என்னும் அறிவியலாளர் நுண்ணுயிர்களை மின்சாரத்தைக் கொண்டு ஆராய்ந்தார். அப்போது பிளாட்டினத் தகடுகளிலிருந்து கரைந்த பொருள் நுண்ணுயிர்கள் இரண்டாகப் பிரிவதைத் தடுத்ததை எதிர்பாராமல் கண்டார். அதிலிருந்து 'சிஸ்பிளாட்டின்' என்னும் மருந்து உருவாயிற்று. 1974இல் ஐன்ஹார்ன் அம்மருந்தை வேறு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தார். அதுவரை பெரும்பாலும் உயிரைப் பறித்த நோய், பெரும்பாலும் குணமாகும் நோயாக மாறியது. தங்கத்தைப் போலவே விலையுயர்ந்த ஓர் உலோகம், அணிகலனுக்கு அப்பால், உயிர்காக்கும் மருந்தாகவும் பயன்படுகிறது.

மறைக்காத துணிவு

மருந்துகளைக் கொண்டு புற்றுச்செல்களை அழிக்கும் முறை வேதிச்சிகிச்சை எனப்படும். இம்மருந்துகள் விரைவாகப் பெருகும் நல்ல செல்களையும் தாக்குவதால் தலைமுடி உதிரும், நாக்கு சுவை இழக்கும், உடல் தளரும். யுவராஜ் மூன்று சுற்று வேதிச்சிகிச்சை பெற்றார். தாயார் ஷப்னம் சிங் உடனிருந்து அவரைக் காத்தார்.

அந்நாள்களில் யுவராஜ், முடி உதிர்ந்த தம் தலையைக் காட்டும் ஒளிப்படத்தைத் தாமே வெளியிட்டார். விளம்பரப் படங்களில் மிடுக்காகத் தோன்றிய வீரர் தம் நோய்க்கோலத்தை மறைக்கவில்லை. நாடெங்கும் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு, குறிப்பாகத் தலையைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே வரக் கூசிய சிறுவர் சிறுமியர்க்கு, அந்தப் படம் துணிவளித்தது. களத்தில் அடித்த ஆறுகளினும் இச்செயலே பெரிது எனலாம்.

2012 ஏப்ரலில் அவர் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தில் மீண்டும் களமிறங்கி 34 ஓட்டங்கள் எடுத்தார். ஒரே ஓட்டத்தில் இந்தியா தோற்றது. எனினும் கூடியிருந்தோர்க்கு அவர் மீண்டு வந்ததே வெற்றியாகத் தோன்றியது. 2017இல் கட்டாக் நகரில் இங்கிலாந்துக்கு எதிராக 150 ஓட்டங்கள் குவித்தார். ஒருநாள் ஆட்டங்களில் அவர் எடுத்த மிக உயர்ந்த எண்ணிக்கை அதுவே. 2019 ஜூன் 10 அன்று ஓய்வு பெற்றார்.

குடும்பங்களுக்குத் துணை

புற்றுநோய் ஒருவரது உடலில் தோன்றினாலும் அதன் சுமையைக் குடும்பம் முழுவதும் தாங்குகிறது. மருந்துச் செலவு, பயணச் செலவு, வெளியூரில் தங்கும் செலவு ஆகியவை ஒருபுறம். உடனிருப்பவர் இழக்கும் நாட்கூலி மறுபுறம். நோயுற்ற குழந்தையின் படிப்பு தடைப்படுகிறது. அண்ணனும் தங்கையும் உறவினர் வீட்டில் விடப்படுகின்றனர். யுவராஜுக்குப் பொருளும் புகழும் இருந்தன. கடல்கடந்து சென்று சிகிச்சை பெற முடிந்தது. அந்த வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை.

இதனை உணர்ந்த யுவராஜ் 'யூவீகேன்' என்னும் அறக்கட்டளையின் வாயிலாகத் தொண்டாற்றி வருகிறார். 'உன்னாலும் முடியும், நம்மாலும் முடியும்' என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியுள்ளது. விழிப்புணர்வு ஊட்டுதல், நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முகாம்கள் நடத்துதல், எளிய குடும்பத்துக் குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவுதல், நோயிலிருந்து மீண்ட மாணவர்க்குக் கல்வி உதவித்தொகை வழங்குதல் ஆகியன அதன் பணிகள். நோய் நீங்கிய பிள்ளை மீண்டும் பள்ளிக்குச் சென்றால்தான் மீட்சி முழுமை பெறும் என்பதை இந்த உதவித்தொகை உணர்த்துகிறது.

தம் துயரத்தைப் பிறர்க்கு உதவும் பணியாக மாற்றிய முன்னோடிகள் தமிழகத்திலும் உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கு மருத்துவர் வி. சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் ஏழை நோயாளிகளுக்கென அளித்தார்.

தங்கவயலுக்கு ஒரு செய்தி

பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பட்டறிந்த துன்பம் அது. அத்தூசு புற்றுநோயையும் உண்டாக்க வல்லது என்பதை உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் உறுதிப்படுத்தியது. ஆகவே தாத்தாவின் நீங்காத இருமலை, 'சுரங்கத்தில் வேலை பார்த்தவர்க்கு இது இயல்புதானே' என்று விட்டுவிடுதல் கூடாது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், ஆறாத புண், புதிதாகத் தோன்றும் கட்டி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் காட்டுவது நன்று. இவை எல்லாம் புற்றுநோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆய்வு செய்தால் ஐயம் நீங்கும்.

நோயுற்ற வீட்டிற்கு அயலார் செய்யக்கூடிய உதவிகளும் பல. அவ்வீட்டுக் குழந்தைக்குப் பள்ளிப் பாடக்குறிப்புகளைக் கொடுக்கலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் உணவு சமைத்து அனுப்பலாம். ஒதுக்காமல் வழக்கம்போல் பழகலாம். சொல்லத் துணிபவர் ஒருபுறமும் கேட்டுத் துணைநிற்பவர் மறுபுறமும் இருக்கும் ஊரில், நோய் ஒருவரைத் தனிமைப்படுத்த முடியாது.

சிந்தித்து விடையளிக்க

1. 'அந்தப் பொறுமை நோய்க்குக் காலத்தை ஈட்டிக் கொடுத்தது' – இத்தொடரின் பொருளை விளக்குக.
2. யுவராஜ் தம் ஒளிப்படத்தை வெளியிட்டது ஏன் துணிவான செயல் எனப்படுகிறது?
3. நீண்ட நாள் சிகிச்சைக்குப்பின் வகுப்பிற்குத் திரும்பும் நண்பருக்கு நீ எவ்வெவ்வகையில் உதவுவாய்? பத்து வரிகளில் எழுதுக.