நீச்சல் குளத்தின் மணல் வடிகட்டி: கழுவும் வேளையை மானி சொல்லும்

பெருநகரங்களின் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நீச்சல் குளம் இன்று ஒரு பொதுச் சொத்து. அதில் நீந்தும் குழந்தைகளின் நலமும், பராமரிப்புக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களின் பணமும் பம்பு அறையில் உள்ள மணல் வடிகட்டியைப் பெரிதும் சார்ந்துள்ளன.

வடிகட்டித் தொட்டியினுள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள சிலிக்கா மணல் நிரப்பப்பட்டிருக்கும். பம்பு செலுத்தும் நீர் மணலின் ஊடே கீழிறங்கும்போது அழுக்கு அங்கேயே தங்கிவிடும்; தெளிந்த நீர் அடிக்குழாய்களின் வழியே குளத்திற்குத் திரும்பும். அழுக்கு சேரச் சேர ஓட்டம் தடைபட்டுத் தொட்டியின் அழுத்தம் உயரும். அதனை அழுத்தமானி காட்டும்.

வாரம் ஒருமுறை, குறித்த நாளில் மணலைக் கழுவுவது பல இடங்களில் வழக்கம். நாட்காட்டியைக் காட்டிலும் மானியே நம்பத்தக்கது. கழுவி முடித்தவுடன் மானி காட்டும் அளவைக் குறித்து வைக்க வேண்டும். அதனினும் 8 முதல் 10 பிஎஸ்ஐ வரை உயரும்போது கழுவுவதே முறை. காலம் தாழ்த்தினால் நீர் கலங்கும். குளோரின் செலவு கூடும். முந்திக் கழுவுவதும் நன்றன்று. சிறிதளவு அழுக்குப் படிந்த மணலே நுண்துகள்களை நன்கு பிடிக்கும்.

நீரும் வீணாகும். மணிக்கு 15,000 லிட்டர் இறைக்கும் பம்பு, 3 நிமிடக் கழுவலில் 750 லிட்டரை வெளியேற்றிவிடும். 2024 மார்ச்சில், கடும் தட்டுப்பாட்டின்போது, நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்த பெங்களூரு குடிநீர் வாரியம் தடை விதித்ததை இங்கு நினைவுகூரலாம்.

கழுவும் முறை எளியது. முதலில் பம்பை நிறுத்த வேண்டும். பம்பு ஓடும்போது வால்வைத் திருப்பினால் அதன் உள்ளடைப்பு சேதமடையும். வால்வை ‘பேக்வாஷ்’ நிலைக்குத் திருப்பிப் பம்பை இயக்கினால், நீர் எதிர்த்திசையில் பாய்ந்து அழுக்கை வெளியேற்றும். பார்வைக் கண்ணாடியில் நீர் தெளியும்வரை, பொதுவாக 2 அல்லது 3 நிமிடங்கள், இது போதும். மீண்டும் பம்பை நிறுத்தி, ‘ரின்ஸ்’ நிலையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓட்ட வேண்டும். இதைத் தவிர்த்தால் எஞ்சிய அழுக்கு குளத்திற்கே போய்ச் சேரும். பின்னர் பம்பை நிறுத்தி, ‘ஃபில்டர்’ நிலைக்கு மாற்றி இயக்கலாம்.

குளத்தின் தரையில் மணல் தென்பட்டால் அடிக்குழாய் உடைந்திருக்கக்கூடும். கழுவிய பின்னும் அழுத்தம் குறையாவிடில் மணல் கட்டிபட்டிருக்கலாம்; சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் இது நேர்வதுண்டு.

பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை மணலை மாற்ற வேண்டும். முன்கூட்டியே தெரிந்த இச்செலவுக்குக் குடியிருப்போர் சங்கம் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து வரலாம். அவ்வாறு செய்தால், மணல் மாற்றும் ஆண்டில் உறுப்பினர்களிடம் தனிக் கட்டணம் கேட்க நேராது. பம்பு அறையில் ஒரு குறிப்பேடு வைத்து, கழுவிய நாளையும் மானியின் அளவையும் எழுதிவருவது இதற்கு நல்ல தொடக்கமாகும்.